புன்னக்காயல் பரதவர்

புன்னக்காயல் பரதவர், தாமிரபரணி ஆறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் முகத்துவாரத்தில் வாழும் கடலோடிச் சமூகத்தினர். முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு, மீன்பிடிப்பு ஆகியவை இவர்களின் மரபுத் தொழில்கள். சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலக் குடியாகப் பேசப்படும் பரதவரின் வழிவந்தவர்கள் இவர்கள். 16-ஆம் நூற்றாண்டில் கூட்டமாகக் கத்தோலிக்கக் கிறித்தவத்தைத் தழுவினர். தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கம் இவர்களோடு இணைந்தது. கனடாவின் கிரீ மக்கள் போன்ற தொல்குடிகளைப் பற்றிய ஆய்வுகளில் எழும் கேள்விகள் பல இந்தக் கடற்கரைக்கும் பொருந்துகின்றன. ஒரு குடி தன் சமயத்தையும் பெயர்களையும் மாற்றிக்கொண்ட பிறகு அதன் அடையாளம் எதில் தங்குகிறது, அதன் பழைய உரிமையை அரசு எந்தப் பெயரால் ஏற்கிறது என்பவை அவற்றுள் முதன்மையானவை.

ஊரும் பெயரும்

புன்னை மரமும் காயலும் சேர்ந்தது ஊர்ப்பெயர். புன்னைக்காயல் என்றும் எழுதுவர். பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர், 1986-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் தூத்துக்குடி மாவட்டத்தில் அமைந்தது. உப்பளங்களும் அலையாத்திக் காடும் சூழ்ந்த ஆற்றுமுகம் இது. சற்று உள்ளே சென்றால் வெற்றிலைக்குப் பெயர்பெற்ற ஆத்தூர்.

தாமிரபரணி கொண்டுவந்து கொட்டும் வண்டல் இக்கரையின் வரலாற்றையே நகர்த்தியிருக்கிறது. பாண்டியரின் துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கும் சிற்றூர். கடல் விலக விலக, கொற்கைக்கு அடுத்துக் காயல் துறைமுகமாயிற்று. அதுவே இன்றைய பழையகாயல். அதுவும் தூர்ந்தபோது ஆற்றின் வாயில் இருந்த புன்னக்காயல் முன்னுக்கு வந்தது. இந்த நகர்வைக் களத்தில் ஆராய்ந்து எழுதியவர் இராபர்ட் கால்டுவெல். அவருடைய திருநெல்வேலி வரலாறு 1881-இல் வெளிவந்தது. துறைமுகம் இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் அதை நம்பிய குடியும் உடன் நகர்ந்தது. ஓர் ஊரின் பெயரால் இம்மக்களை அடையாளப்படுத்துவதைவிட ஒரு கடற்பரப்பின் பெயரால் அடையாளப்படுத்துவது பொருத்தம்.

நெய்தல் குடி

சங்கப் பாடல்களில் பரதவர் மீன் பிடிக்கிறார்கள், உப்பு விளைக்கிறார்கள், முத்தும் சங்கும் எடுக்கிறார்கள். மதுரைக்காஞ்சி தென்கடற்கரைப் பரதவரைப் பாண்டியன் நெடுஞ்செழியனோடு தொடர்புபடுத்திக் கூறுகிறது. கொற்கை முத்தின் சிறப்பை அகநானூறு பேசுகிறது. பட்டினப்பாலையில் வரும் குறிப்பொன்று தனிக் கவனம் பெறவேண்டியது. சுறாமீனின் கொம்பை மணலில் நட்டு, அதில் தெய்வம் உறைவதாகக் கொண்டு, அந்நாளில் கடலுக்குப் போகாமல் பரதவர் வழிபட்டனர் என்கிறது அந்நூல். அது காவிரிப்பூம்பட்டினத்துக் காட்சி எனினும், கடலில் தங்களைக் கொல்லக்கூடியதையே கரையில் தொழுத ஒரு குடியின் மனத்தை அது காட்டுகிறது.

புராணத்திலும் இவர்களுக்கு இடம் உண்டு. உமையம்மை பரதவர் மகளாகப் பிறந்ததையும், சிவன் வலைவீசி மீன்பிடித்து அவளை மணந்ததையும் திருவிளையாடற் புராணம் ஒரு படலமாகவே பாடுகிறது. தங்களைப் பாண்டியரின் உறவாகக் கூறும் மரபுக்கதைகள் பரதவரிடையே வழங்குகின்றன. இவற்றை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள முடியாது. எனினும் தாங்கள் யார் என்று அவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொண்ட விதத்துக்கு இவை சான்று.

முத்துச் சலாபம்

மன்னார் வளைகுடாவின் கடலடியில் சிப்பிகள் ஒட்டி வளரும் பாறைத் திட்டுகளுக்குப் பார் என்று பெயர். கடல் அமைதியாக இருக்கும் பங்குனி, சித்திரை மாதங்களை ஒட்டிச் சலாபம் நடக்கும். குளிப்பவர் ஏறத்தாழ 15 கிலோ எடையுள்ள கல்லைக் கயிற்றில் கட்டி, அதன்மேல் காலூன்றி, ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். ஒரு நிமிட அளவு மூச்சடக்கிக் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் திணித்துக் கயிற்றை அசைப்பார். மேலே இருப்பவர் இழுத்துத் தூக்குவார். உயிர் அந்தக் கயிற்றில் இருந்தது. மைத்துனரே கயிறு பிடிப்பது வழக்கம் என்பர். தமக்கையோ தங்கையோ தாலியிழக்க எந்த உடன்பிறந்தானும் விடமாட்டான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

குளிப்பவரைக் கணக்கிடும் அலகாகவும் 'கல்' என்ற சொல்லே வழங்கியது. இன்னாருக்கு இத்தனை கல் உரிமை என்றால், அத்தனை குளிப்பாளர்களின் கிடைப்பு அவருக்கு உரியது என்று பொருள்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தின் குதிரை வணிகத்தையும் முத்துக்குளிப்பையும் விவரிக்கிறார். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு, இருபதில் ஒரு பங்கு கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டுபவருக்கு என்பது அவர் தரும் கணக்கு. இந்த மந்திரக்காரர்கள் பிற்காலத்தில் கடல்கட்டி எனப்பட்டனர். ஆறு நூற்றாண்டு கழிந்து ஆங்கிலேயர் சலாபம் நடத்தியபோதும் அரசே அவர்களுக்கு ஊதியம் கொடுத்தது. கடல்கட்டி கரையில் இல்லையென்றால் குளிப்பவர்கள் நீரில் இறங்க மறுத்தார்கள். குளித்தவர்களில் பெரும்பகுதி அப்போது கத்தோலிக்கர்.

முத்தின் செல்வம் குளித்தவர் கையில் தங்கியதில்லை. கொற்கையில் முத்தெடுக்கத் தண்டனைக் கைதிகள் பயன்படுத்தப்பட்டதாக முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்புளூஸ் கூறுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் அரசுச் சலாபங்களில் கிடைத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவருக்கு. பல ஆண்டுகள் பார்களில் சிப்பியே இருக்காது; சலாபமும் இராது. தூத்துக்குடியில் கடைசிச் சலாபங்கள் 1955 முதல் 1961 வரை நடந்தன. அதன்பின் இக்கரையில் முத்துக்குளிப்பு இல்லை.

முத்துக்கு அடிமைப்பட்ட பரதவரைப் போலவே, விலங்குத் தோலுக்கு அடிமைப்பட்டவர்கள் கிரீ மக்கள் என்று சொல்லலாம். அவர்கள் பீவர் எனப்படும் நீர்வாழ் விலங்கின் தோலை ஐரோப்பியருக்கு விற்றனர். 1670-இல் தொடங்கப்பட்ட ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் வாணிகம் அவர்களின் வேட்டைத் திறனை நம்பியே நடந்தது. இரு இடங்களிலும் வெளியாருக்கு வேண்டிய பொருளை எடுக்கும் கலை ஒரு குடியிடம் மட்டும் இருந்தது. அக்கலை அவர்களுக்குப் பேரம்பேசும் வலிமையையும் தந்தது, அவர்களைக் கட்டியும் போட்டது.

மதமாற்றம், 1535–1537

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துச் சலாபத்தின் குத்தகையும் வாணிகமும் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர் கையில் இருந்தன. பரதவருக்கும் அவர்களுக்கும் மோதல் மூண்டது. பரதவர் ஒருவரின் காது அறுக்கப்பட்டதே உடனடிக் காரணம் என இயேசு சபைப் பதிவுகள் கூறும். இப்பதிவுகள் ஒரு பக்கத்தின் சொல் என்பதை மறக்கலாகாது. காயல்பட்டினம் முஸ்லிம்களும் இக்கடலின் பழங்குடிகளே. அவர்கள் பக்கக் கதை இந்த அளவு எழுத்தில் கிடைப்பதில்லை.

கோழிக்கோட்டைச் சேர்ந்த, லிஸ்பனுக்குச் சென்று கிறித்தவரான ஜான் த குரூஸ் என்னும் குதிரை வணிகர், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடுமாறு பரதவத் தலைவர்களுக்கு வழிகாட்டினார். பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று திருமுழுக்குப் பெற்றனர். 1535 முதல் 1537 வரையிலான காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் கிறித்தவராயினர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1538-இல் வேதாளைக் கடற்போரில் மரைக்காயர் படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தனர். பரதவர் தேடிய பாதுகாப்பு கிடைத்தது. அதற்கு விலையாகச் சலாபத்தின் மேலாண்மை புதிய எசமானிடம் சென்றது.

இந்த மதமாற்றத்தைத் தனிமனித மனமாற்றமாகப் பார்ப்பதும் ஏமாற்று வேலையாகப் பார்ப்பதும் சரியாகாது. கடலைக் காத்துக்கொள்ள ஒரு குடி தன் தலைவர்கள் வழியாக எடுத்த அரசியல் முடிவு அது. சமய போதனை பிறகுதான் வந்தது. 1542-இல் கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், செபங்களை உள்ளூர்க்காரர் உதவியோடு தமிழில் பெயர்த்து, மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார். போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென இக்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த வரிப்பணத்தை, வேதம் கற்பிப்போரின் ஊதியத்துக்காகக் கேட்டு வாங்கியவர் அவர். 1544-இல் அவர் எழுதிய கடிதங்கள் சில புன்னக்காயலில் எழுதப்பட்டவை.

பாதுகாப்பும் நிலையாக இருக்கவில்லை. 1553-இல் புன்னக்காயல் தாக்கப்பட்டுப் போர்த்துக்கீசியத் தளபதியும் இயேசு சபைத் தலைவரும் சிறைப்பட்டனர். மதுரை நாயக்கரின் நெருக்கடி கூடியபோது, 1560-இல் போர்த்துக்கீசியர் தங்கள் தளத்தை மன்னார்த் தீவுக்கு மாற்றினர். பரதவர் பலரும் உடன் குடியேற்றப்பட்டனர். காலப்போக்கில் பலர் திரும்பி வந்தார்கள்.

அச்செழுத்தும் கரைத்தமிழும்

அன்று சிறைப்பட்ட இயேசு சபைத் தலைவர் என்றீக்கு என்றீக்கசு. தமிழில் அண்டிரிக் அடிகளார் என்று அறியப்படுபவர். போர்த்துக்கல்லில் பிறந்து, புன்னக்காயலைத் தலைமையிடமாகக் கொண்டு அரை நூற்றாண்டு இக்கரையில் வாழ்ந்து, 1600-இல் புன்னக்காயலில் இறந்தார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. தமிழைச் சரளமாகப் பேசவும் எழுதவும் கற்ற முதல் ஐரோப்பியர்களுள் ஒருவர். இங்கு அவர் மருத்துவமனையும் பள்ளியும் நடத்தினார்.

அவருடைய தம்பிரான் வணக்கம் 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறு பக்கச் சிறுநூல். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் இதுவே. 1579-இல் கிரிசித்தியானி வணக்கம் கொச்சியில் வெளிவந்தது. 1586-இல் வந்த அடியார் வரலாறு அறுநூறு பக்கங்களைத் தாண்டிய பெருநூல். அது புன்னக்காயலில் அச்சிடப்பட்டது என்பது பெரும்பாலோர் கருத்து. அச்சுச் செலவுக்குப் பரதவர்களே பணம் திரட்டிக் கொடுத்தனர். முத்துக்குளித்த காசு தமிழ் அச்செழுத்தாக மாறிய நிகழ்ச்சி இது. தமிழ்ப் புத்தக வரலாற்றைக் கூறும் நூல்கள் பாதிரியாரின் பெயரைச் சொல்லும் அளவுக்கு இந்தக் காசைச் சொல்வதில்லை.

அந்நூல்களின் தமிழ் புலவர் தமிழன்று. கரையில் மக்கள் பேசிய தமிழின் சாயல் அவற்றில் உண்டு. ஓலைச்சுவடி வழக்கப்படி புள்ளி இல்லாமல், எகர ஏகார வேறுபாடு காட்டாமல் அச்சிடப்பட்டவை அவை. என்றீக்கசு போர்த்துக்கீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் அச்சேறாமல் லிஸ்பன் நூலகத்தில் கையெழுத்துப் படியாகக் கிடந்து, 1982-இல்தான் பதிப்பிக்கப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டில் மீனவரும் வணிகரும் பேசிய தமிழை அறிய மொழியறிஞருக்கு இன்று கிடைக்கும் அரிய சான்றுகளுள் அது ஒன்று. அச்சான நூல்களும் உலகெங்கும் சிதறின. தம்பிரான் வணக்கத்தின் படி ஆர்வர்டு பல்கலைக்கழகத்திலும், அடியார் வரலாற்றின் படி வத்திக்கான் நூலகத்திலும் உள்ளன. தனிநாயகம் அடிகள் போன்றோரின் தேடலால் இவை மீண்டும் தமிழறிஞர் கவனத்துக்கு வந்தன. இராசமாணிக்கம் அடிகள் 1960-களில் தூத்துக்குடியிலிருந்து மறுபதிப்புகள் வெளியிட்டார்.

கிரீ மொழியின் கதை இதனோடு ஒப்பிடத்தக்கது. 1840-இல் நார்வே அவுசு என்னும் இடத்தில் ஜேம்சு எவன்சு என்ற மெதடிஸ்ட் போதகர் கிரீ மொழிக்கான அசையெழுத்தை உருவாக்கி, ஈயத்தை உருக்கி எழுத்து வார்த்துப் பாடல்களை அச்சிட்டார். கிரீ மக்களின் வாய்மொழி மரபு வேறு சொல்கிறது: அந்த எழுத்து ஆவியுலகம் சென்று மீண்ட தம் முன்னோர் ஒருவருக்கு அருளப்பட்டது. இரண்டில் எது சரி என்பது ஒருபுறம் இருக்க, எழுத்தை அம்மக்கள் தமதாக்கிக்கொண்டனர் என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் கனடாவின் உறைவிடப் பள்ளிகள் கிரீ குழந்தைகளைத் தாய்மொழி பேசவிடாமல் தடுத்தன. அவற்றில் கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களில்தான். புன்னக்காயலில் நேர்ந்தது இதற்கு மாறானது. இங்கே போதகர் மக்களின் மொழிக்குள் வரவேண்டியிருந்தது. தமிழ் சூழ்ந்த நாட்டில், தமிழ் பேசும் குடியிடம், எண்ணிக்கையில் மிகச் சிலரான பாதிரிமார் வேறு வழியில் இயங்கியிருக்க முடியாது.

சாதித்தலைவரும் பட்டங்கட்டிகளும்

வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு ஆகியவை பரதவரின் ஏழு கடற்றுறைகள். ஒவ்வோர் ஊருக்கும் பட்டங்கட்டி, அடப்பனார் முதலிய பொறுப்பாளர்கள் இருந்தனர். அவர்களுக்கெல்லாம் மேலே தூத்துக்குடியில் இருந்தவர் சாதித்தலைவர். வழக்குத் தீர்ப்பது, வரி திரட்டுவது, சலாபத்துக்கு ஆள் அனுப்புவது ஆகியவை அவர் பொறுப்பு. சலாபத்தில் அவருக்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது.

1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர் சீர்திருத்தக் கிறித்தவத்தைப் பரப்ப முயன்றனர். பரதவர் அசையவில்லை. குளிக்கும் ஆட்கள் வேண்டும் என்பதால் டச்சுக்காரரும் அளவுக்கு மீறி நெருக்கவில்லை. கத்தோலிக்கம் அதற்குள் வெளியிலிருந்து வந்த சமயம் என்ற நிலையைக் கடந்து, குலத்தின் சமயமாகிவிட்டது. தூத்துக்குடி பனிமய மாதா கோயில் குலதெய்வக் கோயிலுக்குரிய இடத்தைப் பெற்றது. 1806-இல் சாதித்தலைவர் ஒருவர் செய்தளித்த பொற்றேர் இன்றும் சிறப்பு ஆண்டுகளில் வீதிவலம் வருகிறது. தேரும் வடமும் இந்து ஆலய மரபின் வடிவங்கள். வரலாற்றாய்வாளர் சூசன் பெய்லி, பரதவரின் கத்தோலிக்கம் சாதி ஒழுங்கைக் கலைக்காமல் அதை உறுதிப்படுத்தியது என்று காட்டியிருக்கிறார். இந்த உறுதிக்கு இன்னொரு பக்கமும் உண்டு: சாதித்தலைவரின் ஆட்சியில் செல்வர் குடும்பங்களுக்கும் கடலில் இறங்கிய ஏழைகளுக்கும் இடையே இருந்த இடைவெளியை அது மறைத்தது.

பெர்னாண்டோ, ரொட்ரிகோ, மோத்தா, கோமஸ், வாஸ், மச்சாது, ரோச் போன்ற போர்த்துக்கீசியக் குடும்பப் பெயர்கள் கரையில் வழங்குகின்றன. காற்றுக்கு வைத்த பெயர்களோ வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று தமிழாகவே நின்றன. இக்கரை மக்களின் வாழ்வை அவர்கள் மொழியிலேயே எழுதிய நாவல்களாக ஜோ டி குருஸின் ஆழி சூழ் உலகு (2004), கொற்கை (2009) ஆகியவற்றைச் சொல்லலாம். கொற்கை 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

சட்டத்தில் தொல்குடி

கனடாவின் 1982 அரசமைப்புச் சட்டம் முதற்குடிகள், இனுயிட், மேத்தி ஆகியோரின் உரிமைகளைப் பெயர்சொல்லி ஏற்கிறது. அதற்கு முன்பே, 1975-இல், நீர்மின் அணைகளை எதிர்த்து வழக்காடிய கிரீ மக்கள் கியூபெக் அரசோடு சேம்சு விரிகுடா உடன்படிக்கை செய்துகொண்டனர். நிலம், வேட்டை, மீன்பிடிப்பு பற்றிய உரிமைகள் அதில் எழுத்தில் வந்தன. 2007-இல் ஐக்கிய நாடுகள் அவை தொல்குடிகளின் உரிமைப் பறைசாற்றத்தை ஏற்றபோது கனடா எதிர்த்து வாக்களித்து, பின்னர் நிலை மாற்றியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் இந்தியர் அனைவருமே இம்மண்ணின் தொல்குடிகள் என்ற விளக்கத்தோடு. எல்லாருக்கும் பொருந்தும் சொல் யாருக்கும் தனி உரிமை தராது.

இந்தியச் சட்டம் அறிந்தவை பட்டியல் சாதி, பட்டியல் பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என்ற வகைகள். தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளில் பரவன் என்ற பெயர் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் மட்டும் இடம்பெறுகிறது. கிறித்தவருக்கு அது பொருந்தாது. மீனவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரித் தமிழ்நாட்டு அரசுகள் ஒன்றிய அரசுக்கு எழுதியிருக்கின்றன, கோரிக்கை நிறைவேறவில்லை. அதேவேளை, இக்கரையிலிருந்து இலங்கைக்குக் குடிபெயர்ந்தோரின் வழியினரை அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2001 முதல் பரதர் என்ற தனி இனமாகவே எண்ணுகிறது. ஒரே குடி, நடுவே ஒரு நீரிணை, கரைக்கொரு பெயர்.

பெயரின் வேறுபாடு உரிமையின் வேறுபாடாகவும் ஆகிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டை நம்பித் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் அக்காட்டின் மீது உரிமை கோர வழி செய்தது. கடலுக்கு அப்படியொரு சட்டம் இயற்றப்படவில்லை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுவலையைத் தடுத்து நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்குகிறது. அது தொழில்முறைப் பாதுகாப்பே தவிரப் பரம்பரை உரிமையாகாது. 1986-இல் மன்னார் வளைகுடாவின் தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. அத்தீவுகளை ஒட்டிய நீரில் தலைமுறைகளாகச் சங்கும் மீனும் எடுத்தவர்கள் அங்கே அனுமதி வேண்டியவர்களாயினர்.

கரையிலுள்ள கோபுரத்தையும் பனைக்கூட்டத்தையும் நேர்வைத்துப் பார்த்து, கடலடியில் எந்தப் பார் எங்கே உள்ளது என்று கணிப்பது குளிப்பவர்களின் கலை. ஆங்கிலேயர் காலத்தில் பார்களை ஆய்ந்த ஜேம்சு ஆர்னெல் போன்ற அதிகாரிகள் அந்த இடங்களையும் அவற்றுக்கு மக்கள் வைத்த பெயர்களையும் அறிக்கைகளில் பதிந்தனர். அரசின் வருவாய் இனங்கள் என்ற தலைப்பிலேயே அவை பதியப்பட்டன.